திறப்பு விழாவுக்குத் தேவைப்பட்ட நோயாளி

1. வராத நோயாளி

“டொக்டர், கோவிச்சுக்காதீங்க. அந்த ரோபோ மெசின்ல ஒப்பரேசன் செய்ய உங்களுக்குத் தெரியாதாமே? அதனாலதான் வேணாங்குறீங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. மெய்யா?”

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மேல்மாடி வார்டில் செல்வராஜ் என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

செல்வராஜ் நாவலப்பிட்டிக்காரர், ரயில்வேயில் கார்ட். இரைப்பை குடலுக்குள் திறக்கும் வாசலுக்குச் சற்று மேலே அவருக்குப் புற்றுநோய். எண்டொஸ்கோபி செய்து அதைக் கண்டுபிடித்தவள் நான். ஸ்கேனில் வேறு உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. புற்றுநோய் மருத்துவர்களோடு கூடிப் பேசினோம். முதலில் வெட்டி எடுப்பது, பிறகு தேவைப்பட்டால் மருந்து ஏற்றுவது என்று தீர்மானித்தோம். நான் வேலை பார்த்த அரசாங்க ஆஸ்பத்திரியில் லப்ரஸ்கோபி முறையில், சிறு துளைகள் வழியாகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு நாளும் கொடுத்திருந்தேன்.

அந்த நாளில் அவர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பயத்தில் வேறு வைத்தியத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். இரைப்பைப் புற்றுநோய் என்றால் சிலர் அப்படிக் காணாமல் போவார்கள், எல்லாம் கைமீறிய பிறகு திரும்பி வருவார்கள். ஆனால் அந்த வாரமே, நான் மாலையில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் தனியார் மருத்துவமனையில், புது சாரமும் சேட்டும் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்த அவரைக் கண்டேன்.

“ஆர் உங்களை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது?” என்று கேட்டேன்.

“இங்க இருந்துதான் கோல் எடுத்தாங்க டொக்டர். புதுசா ரோபோ வருதாம். மொதோ ஆளு நான்தானாம். எல்லாமே இனாம். ரோபோ தானாவே செய்யுமாம், மனுசன் கை நடுங்குற மாதிரி அதுக்கு நடுங்காதாம்.”

முதலில் இந்த மருத்துவமனையில்தான் அவர் என்னிடம் காட்ட வந்தார், அதனால் அவருடைய விபரம் இவர்களிடம் இருந்தது. அதை வைத்துத்தான் என் நோயாளியை எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைவிட, “தானாவே செய்யும்” என்று ஒரு புற்றுநோயாளிக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

2. பணிப்பாளரின் அறை

அந்த மருத்துவமனையின் பணிப்பாளர் டொக்டர் சிவநாதன். என்னோடு பேராதனையில் ஒரே வகுப்பில் படித்தவர். இரண்டு பேருக்கும் ஊர் யாழ்ப்பாணம். கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

“சிவநாதன், செல்வராஜுக்கு ஆர் ரோபோ எண்டு சொன்னது?”

“இரும் வத்சலா. உம்மட்டக் கேக்க வேணும் எண்டுதான் இருந்தனான். நீர் வெளிநாட்டில அந்த மெசினில பழகினனீர்தானே? முதல் கேஸ் நீரே செய்யும். உமக்கும் பேர், எங்களுக்கும் பேர்.”

“நான் பழகினது உண்மை. உங்கட நேர்ஸ்மார் பழகினவையோ? அசிஸ்டன்ட் பழகினவரோ? நடுவில ரத்தம் போனா அந்தக் கைகளைக் கழட்டி எடுத்துப்போட்டு வயித்தைத் திறக்க இஞ்ச ஆருக்குத் தெரியும்?”

“அதுக்குக் கொம்பனி ஆக்கள் வருவினம்.”

“அவை மெசினுக்கு வருவினம். வயித்துக்கு வரமாட்டினம்.”

இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ரோபோவுக்கு எதிரி அல்ல. பயிற்சிக்காக வெளிநாட்டில் இருந்தபோது இரண்டு முறையிலும் இரைப்பை எடுக்கக் கற்றவள். இரண்டிலும் வயிற்றில் சிறு துளைகள்தான். லப்ரஸ்கோபியில் நீளமான, வளையாத கருவிகளை நாங்களே கையில் பிடித்து, கமெராவை உதவியாளர் பிடிக்க, திரையைப் பார்த்துச் செய்கிறோம். ரோபோவில் சற்றுத் தள்ளி ஓர் இருக்கையில் அமர்ந்து கைப்பிடிகளை அசைக்கிறோம், நோயாளிக்கு மேலே நிற்கும் இயந்திரக் கைகள் அந்த அசைவைச் செய்கின்றன. அவற்றின் நுனி நம் மணிக்கட்டுப் போல் திரும்பும், படமும் ஆழத்தோடு தெரியும். கணையத்தின் மேல்விளிம்பில், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது அது பெரிய வசதி. மாறாக, ஆயத்தம் செய்யவே அதிக நேரம் பிடிக்கும். பிடித்து இழுக்கும் அழுத்தம் நம் கைக்குத் தெரியாத இயந்திரங்களும் உண்டு. செலவும் பல மடங்கு. நோயாளி எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார் என்று பார்த்தால், பழகிய கையால் செய்யப்பட்டபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் படித்ததிலும் காணவில்லை, செய்ததிலும் காணவில்லை. இரண்டிலும் வெட்டுவது ஒரு மனிதர்தான். தானாகச் செய்யும் ரோபோவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

“மெசின் எங்க இப்ப?” என்று கேட்டேன்.

சிவநாதன் மேசையில் இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். “கொழும்புத் துறைமுகத்தில. கிளியர் பண்ண வேணும். பிறகு அமைச்சர் நேரம் தர வேணும்.”

“அதுவரைக்கும் இந்தாளின்ர கான்சரும் அமைச்சருக்காகக் காத்துக்கொண்டிருக்குமோ?”

“கொஞ்ச நாள்தானே. இந்த வருத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தினா ஒண்டும் வராது.”

“சின்ன ஒப்பரேசன், ஒரு பித்தப்பையோட தொடங்குங்கோ. ஆக்கள் பழகட்டும். நானே வந்து நிண்டு பழக்கிறன்.”

அவர் சிரித்தார். “பித்தப்பைக்கு டீவிக்காரர் வருவினமே வத்சலா?”

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் சனம் நல்ல வைத்தியம் தேடி இந்தியாவுக்கு ஓடக்கூடாது, கண்டியிலேயே எல்லாம் கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டவர். ஆனால் அந்த ஆசைக்கு அவர் தெரிந்தெடுத்தது இன்னொருவருடைய வயிற்றை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

செல்வராஜிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டார். போட்டிக்காக நான் பேசுவதாகவே நினைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சம்மதிக்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு வர எனக்கு உரிமை இல்லை. இரத்தப் பரிசோதனைகளை முடித்து, போட்டோ எடுத்து, ரோபோ வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

3. தனலெட்சுமியின் அழைப்பு

துறைமுகத்தில் ஏதோ சிக்கல். இயந்திரம் வரவில்லை. வாரங்கள் போயின. ஒரு நாள் கிளினிக் நடுவே செல்வராஜின் மனைவி தனலெட்சுமி போன் எடுத்தார். தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. அவருடைய குரல் உடைந்திருந்தது.

“டொக்டர், இவரு நேத்து சாப்பிட்ட சோத்த இன்னைக்கு அப்படியே வாந்தி எடுக்குறாரு. தண்ணி கூட நிக்க மாட்டேங்குது. அந்த ஆஸ்பத்திரிக்குக் கேட்டா, விழா நாள் இன்னும் முடிவாகல, கஞ்சி குடுத்துப் பாருங்கங்குறாங்க.”

கஞ்சி! இரைப்பையின் வாசல் கட்டியால் அடைபட்டுப்போன மனிதனுக்குக் கஞ்சி!

“உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ. அங்க இல்லை, என்ர வார்டுக்கு” என்றேன்.

அன்றே அவரைக் கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது, நாக்கு காய்ந்து கிடந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரைப்பையில் தேங்கியதை எடுத்தோம். அடுத்த நாளே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகத் துடித்தேன். மயக்க மருந்து நிபுணர் டொக்டர் பஸ்மினா தடுத்தார். அக்குறணைக்காரர், எதற்கும் பதறாதவர்.

“ஏலா டொக்டர். வாந்தி எடுத்து எடுத்து பொட்டேசியம் நல்லாக் கொறஞ்சி போயிருக்கு. இப்ப மயக்கினா ஹார்ட் நிண்டுடும். உங்களுக்குக் கோவம் எண்டு இவருக்கு ஊசி போட ஏலுமா?”

அவர் சொன்னது சரி. சேலைனும் பொட்டேசியமும் ஏற்றி, ஸ்கேனைத் திரும்பவும் எடுத்து, அவர் உடம்பு தேறும்வரை காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். தனலெட்சுமி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“ரெண்டுல எதுல செஞ்சா இவரு அதிக நாளு உசுரோட இருப்பாரு டொக்டர்? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ரெண்டும் ஒண்டுதான். கட்டியையும் சுத்தியிருக்கிற முடிச்சுகளையும் மிச்சமில்லாம எடுக்க வேணும். அதை லப்ரஸ்கோபியில எங்கட டீம் பல பேருக்குச் செய்திருக்கு. ரோபோ நல்ல சாமான்தான், ஆனா அங்க இருக்கிறவை இன்னும் பழகேல்லை. இவருக்கு இப்ப கூடாதது ஒண்டுதான், காத்திருக்கிறது. உள்ளுக்குப் போய்ப் பார்த்து, தேவைப்பட்டா வயித்தைத் திறந்தும் செய்வன். அதையும் இப்பவே சொல்லுறன்.”

செல்வராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஸ்டேசன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் டொக்டர். லங்காவிலேயே மொதோ ஆளு நான்தான்னு. இப்ப போயி சும்மா ஒப்பரேசன்னு சொன்னா சிரிப்பானுக.”

“சிரிக்கட்டும்” என்றார் தனலெட்சுமி. “நீங்க இருந்தாத்தானே சிரிப்பானுக.”

செல்வராஜ் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

4. தியேட்டரில்

அன்று காலை நான் தியேட்டருக்குள் போகும் முன் சிவநாதன் போனில் வந்தார்.

“எங்கட பேஷன்டை நீர் களவெடுத்துப் போட்டீர்.”

“உங்கட பேஷன்டோ? வாந்தி எடுக்கேக்க கஞ்சி குடிக்கச் சொன்னீங்களே, அப்ப ஆற்ற பேஷன்ட்? அவர் என்ன, நீர் திறப்பு விழாவுக்கு வாங்கி வைச்ச கேக்கோ?”

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன். கோபத்தோடு கத்தியைத் தொடக்கூடாது. கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை நின்றேன்.

முதலில் கமெராவை உள்ளே விட்டு வயிற்றுச் சவ்வு முழுவதையும் பார்த்தோம். ஸ்கேனில் தெரியாமல் நோய் பரவிய சிறு பொட்டுகள் அங்கே இருந்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். இருக்கவில்லை. பஸ்மினா முகமூடிக்குள் “அல்ஹம்துலில்லாஹ்” என்றது எனக்குக் கேட்டது.

கணையத்தின் மேல்விளிம்பில் ஒரு சிறு குழாய் கிழிந்து திரை சிவந்தது. அழுத்திப் பிடித்தேன். என் கருவி நேராகத்தான் போகும், அந்த மூலைக்கு வளைந்து போக வேண்டும். அந்த நேரத்தில் ரோபோவின் மணிக்கட்டு எனக்கு இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் என் உதவியாளர் நான் கேட்கும் முன்னமே கணையத்தை மெல்லக் கீழே தள்ளி வழி காட்டினார். எத்தனையோ தடவை என்னோடு நின்றவர், அடுத்து என்ன தேவை என்று அவருக்குத் தெரியும். கிளிப் போட்டேன், ரத்தம் நின்றது. இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்து, மிச்சத்தைக் குடலோடு இணைத்தோம். வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை.

5. பிறகு

ஆய்வுகூட அறிக்கையின்படி வெட்டிய விளிம்புகளில் புற்றுநோய் இல்லை. ஆனால் எடுத்த முடிச்சுகள் சிலவற்றில் இருந்தது. மருந்து ஏற்ற வேண்டி வந்தது. செல்வராஜ் மெலிந்து, தலைமுடி கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகி, மீண்டும் வேலைக்குப் போனார். நான் ஓய்வுபெறும் வரை கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தார், நோய் திரும்பவில்லை.

முதலில் நான் கொடுத்த நாளில் செய்திருந்தால் அந்த முடிச்சுகளுக்கு அது போயிருக்குமா? முன்பே போயிருந்ததா? யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் சிவநாதன் பின்னர் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “பிந்தினதாலதான் எண்டு நீர் நிரூபிக்கேலாது.” நிரூபிக்க முடியாதுதான். நிரூபிக்க முடியாத இடமாகப் பார்த்து ஒளிந்துகொள்கிற புத்தி இருக்கிறதே, எனக்குக் கோபம் அதன்மேல்தான்.

ரோபோ வந்தது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்து வேறொரு நோயாளிக்குச் செய்தார், நன்றாகவே நடந்தது. அந்த மருத்துவமனையில் மாலை நேரத்தில் எனக்கிருந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடிதம் கூட இல்லை, கதவில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

இப்போது இளம் மருத்துவர்கள் என்னிடம் ரோபோவா லப்ரஸ்கோபியா சிறந்தது என்று கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: ஆருக்கு, ஆர் செய்வது, எப்போது? அதற்குப் பதில் தெரியாமல் இயந்திரத்தின் பெயரை நோயாளியிடம் சொல்லாதீர்கள். ரோபோ கிடைத்தால் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், சின்னச் சிகிச்சைகளில் தொடங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு நாள் குறித்தால் அந்த நாள் அவருடையது. அமைச்சருக்காகவோ கமெராவுக்காகவோ ஆஸ்பத்திரியின் பெயருக்காகவோ அதை நகர்த்தச் சொல்லி யாராவது வந்தால் கோபப்படுங்கள். பேசிப் பார்க்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் பொறுமையாக இருக்கிற அந்த நாட்களையெல்லாம் புற்றுக்கட்டி தன் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.