பூச்சுக்குள் போன நம்பர்

ஓசூருக்கு வெளிநாட்டிலிருந்து மோட்டார் சைக்கிள் இறக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஊரைச் சுற்றி வண்டிக் கம்பெனிகள். காலை ஷிப்டு விட்டால் சாலை முழுக்க இரண்டு சக்கரம். அப்படிப்பட்ட ஊருக்கு மாதேஸ்வரன் தாய்லாந்திலிருந்து ஒரு வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தான். கட்டிய சுங்கவரிக்கு இங்கேயே புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம் என்று சொல்லாதவர்கள் இல்லை. அவன் யார் பேச்சைக் கேட்டான்?

அவன் அப்பா பர்கூர் பக்கம் கல் குவாரியில் கூலி. மாதேஸ்வரன் ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சேர்ந்து பதினெட்டு வருடம் அந்த வாசனையிலேயே கழித்தான். அப்புறம் நான்கு வருடம் தாய்லாந்து. அங்கே ஒரு கரும்பச்சை நிறம் கம்பெனியையே ஆட்டிவைத்தது. டேங்கில் பூசி சூட்டில் வைத்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதைச் சரிசெய்தது இவன்தான். பாராட்டு விழாவில் மேலதிகாரிகள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், இவனுக்குக் கிடைத்தது ஓரம். அந்த நிறத்தில் வந்த முதல் வண்டிகளில் ஒன்றைத் தன் காசில் வாங்கினான். லட்சக்கணக்கான வண்டிகளுக்குப் பூச்சு ஏற்றியவனுக்கு, இது என் வேலை என்று காட்ட அந்த ஒன்றைத் தவிர வேறில்லை. ஊர் திரும்பும்போது விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் காகிதங்கள் சரியாகும்வரை வண்டி இரண்டு மாதம் உப்புக்காற்றில் நின்றது. வீட்டுக்கு வந்தபோது டேங்க் பளபளவென்று இருந்தது, ஃபிரேமில்தான் அங்கங்கே துரு. துருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா இவன்? ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே வண்டியைப் பிரித்துப் போட்டான். சிப்காட்டில் ஒரு சிநேகிதனின் பட்டறையில் ஃபிரேமுக்கு மணல் அடித்துத் துருவைக் கழற்றி, பவுடர் கோட்டிங் போட்டு எடுத்தான். பேரிங் உட்காரும் இடம், மரை ஓட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே டேப் ஒட்டிக் காப்பாற்றியவன், ஹேண்டில் கழுத்தில் பதித்திருந்த சேசிஸ் நம்பரை மட்டும் விட்டுவிட்டான். வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். இவன் வேலை பார்த்த இரண்டு கம்பெனியிலும் ஃபிரேம் பெயின்ட் ஷாப்புக்கு மொட்டையாகத்தான் வரும். நம்பர் அடிப்பது பூச்சுக்குப் பிறகு, அடுத்த ஷாப்பில். அதனால் நம்பர் என்ற ஒன்று இருப்பதே இவன் புத்தியில் ஏறவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி ஆய்வாளர் ராஜலட்சுமி ஹேண்டில் கழுத்தில் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தார். நம்பரின் அச்சு தாளில் விழவேண்டும். தாள் ஒரே கறுப்பாக வந்தது.

"நம்பர் எங்கீங்க?"

"உள்ள இருக்குதுங்க மேடம். மேல பெயின்ட் போட்டுட்டன்."

"கஸ்டம்ஸ் பேப்பர்ல பதினேழு எழுத்து இருக்குது. அந்த வண்டிதான் இதுன்னு நான் எதை வெச்சு நம்பறது? நம்பர் தெரியாம ரிஜிஸ்டர் பண்ண முடியாதுங்க. வண்டி ரோட்டுக்கே வர முடியாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாதேஸ்வரன் பெயின்ட் ரிமூவரும் பல் தேய்க்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, தான் போட்ட பூச்சைத் தானே சுரண்டினான். பதினாலு எழுத்து தெரிந்தது. கடைசி மூன்றை மணல் தின்றுவிட்டது.

ஆர்.டி.ஓ. புரோக்கர் கோவிந்தப்பன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்பா, இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற? பார்டர் தாண்டினா எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கறான். மூணு எழுத்து பஞ்ச் போட ஒரு மணி நேரம் ஆவுமா? அதே வண்டி, அதே நம்பரு. இதுல பொய் எங்க இருக்குது சொல்லு."

கேட்டால் நியாயமாகத்தான் படும். மாதேஸ்வரனுக்கும் பட்டது. மனைவி சுஜாதாவிடம் கேட்டான்.

"கம்பெனில ஓட்டை விழுந்த டேங்க மேல பூசி அனுப்பிச்சிருக்கறீங்களா?" என்றாள்.

"சேச்சே, ரிஜெக்ட் பண்ணி ஓரமா வெச்சிருவன்."

"அப்பறம் என்னைய ஏங்க கேக்கறீங்க?"

நடந்ததை ஒரு தாளில் எழுதினான். மணல் அடித்தது, பூசியது, சுரண்டியது, எல்லாம் தன் கைத்தப்பு என்று கையெழுத்துப் போட்டு ராஜலட்சுமியிடம் கொடுத்தான். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதை வாங்கிட்டன்னா தடய அறிவியல் டெஸ்டுக்கு அனுப்பணும். அங்கயும் நம்பர் வரலைன்னா வண்டி அவ்ளோதாங்க. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதாங்க மேடம்."

பஞ்ச் அடித்து எழுத்தைப் பதித்த இடத்தில் இரும்பு உள்வரை நசுங்கியிருக்கும். மேலே தேய்ந்துபோனாலும் அமிலம் பட்டால் எழுத்து எழும்பலாம், ஆழமாகத் தேய்ந்திருந்தால் எழும்பாது. இரும்போடு புழங்கியவனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால் என்ன, டெஸ்டுக்குத் தேதி வரும்வரை ஏழு வாரம் சோறு இறங்கவில்லை. "ஃபாரின் வண்டிக்கு இன்னும் பேர் வெக்கலியா?" என்று நம்பர் பிளேட் இல்லாததைத் தெருவில் கிண்டலடித்தவர்களுக்குப் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தான்.

பரிசோதனை நாளன்று தடய அறிவியல் நிபுணர் பஞ்சுருண்டையை அமிலத்தில் நனைத்து இரும்பில் ஒற்றினார். லென்ஸ் வழியாகப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ராஜலட்சுமி சுங்கக் காகிதத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதினாலு தாண்டியது. "ஏழு. பூஜ்யம்." அப்புறம் நிபுணர் நிறுத்திவிட்டார்.

மாதேஸ்வரனுக்கு அந்த நம்பர் மனப்பாடம். வாய்வரை வந்தது. ராஜலட்சுமி கையை உயர்த்தி அவனை அடக்கினார். "நீங்க சொல்லக்கூடாது."

நிபுணர் இன்னொரு முறை ஒற்றினார், காத்திருந்தார், குனிந்தார். "மூணு."

ராஜலட்சுமி காகிதத்தைப் பார்த்தார். டிக் போட்டார். திரும்பி, "உங்க வண்டிதாங்க" என்றார். "திங்கக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷனுக்கு வாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியைக் காட்டி அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆபீசர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் மாதேஸ்வரன் அழுதுவிட்டான்.