பெரிய டயரும் இடப்பக்கத்துப் பெஞ்சும்

அந்த ஆண்டு மழை தொடங்குவதற்குள் எங்கள் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, கைகால் தசைகள் கட்டுக்குள் வராத குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் சிறிய மையம் ஒன்றில், அடையாற்றில், வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குழந்தைகளை அழைத்துவரப் பின்புறம் கூண்டு கட்டிய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டு மழையில், அந்தச் சிறுமியின் வீடு இருக்கும் வேளச்சேரியில், முழங்காலளவு தண்ணீரில் அது நின்றுபோனது. அதன்பின் பத்தொன்பது நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அத்தனை நாளும் பயிற்சி இல்லாமல் கிடந்த அந்தச் சிறுமியின் குதிகால் தசைநார் இறுகிவிட்டது. தரையில் ஊன்றத் தொடங்கியிருந்த பாதம் மறுபடி நுனிவிரலில் நின்றது. இன்னொரு மழைக்காலம் இப்படிக் கழிந்தால் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

பெரிய டயர் போட்டால் வண்டி இரண்டு அங்குலம் உயரும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததும் ஏறத்தாழ அந்த இரண்டு அங்குலத்தில்தான். ஆனால் அந்த டயர் அகலமும் கூடியது. பழைய ரிம்மில் மாட்டினால் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசும். வேறு ரிம் தேட, ஓட்டுநரும் நானும் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனோம்.

ரிம் கடைக்காரர் இரண்டு வகை ரிம்களைத் தரையில் உருட்டிவிட்டார். ரிம்மின் நடுவே போல்ட் துளைகளோடு இருக்கும் தட்டைத் தொட்டுக் காட்டினார். “இதான் மேடம் ஆஃப்செட்டு. தட்டு உள்ள தள்ளி இருந்தா டயரு வெளிய வரும். வெளிய தள்ளி இருந்தா டயரு உள்ள போவும். அவ்ளோதான் விஷயம்.” முதல் வகை ரிம் டயரை ஒரு விரல் அகலம் வெளியே நகர்த்தும், இரண்டாவது வகை மூன்று விரல் அகலம்.

ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். லாரி ஓட்டிப் பழகியவர். “ஒரு வெரலு போதும் மேடம். மூணு வெரலுன்னா பேரிங்குக்குக் கேடு. மட்கார்டு வேற கீது, அதுல உரசும்.”

“இன்னா நைனா, மாமியார் ஊட்டுக்கா ஓட்டிக்கினு போற? தண்ணியில போற வண்டி. அகலமா நின்னாத்தான் சாயாது” என்றார் கடைக்காரர்.

நான் நீண்ட நேரம் யோசித்தேன். ஒரு விரல் என்றால் ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் இடையே மிகக் குறைந்த இடம்தான் மிஞ்சும். உள்பக்கம் உரசி டயர் நாளுக்கு நாள் அறுபட்டாலும் வெளியே தெரியாது; குழந்தைகள் ஏறிய ஒரு நாளில் வெடிக்கும். வெளிப்பக்கத்துக் கோளாறு என்றால் எவர் கண்ணிலும் படும். இந்த நியாயம் எனக்கு அசைக்க முடியாததாகத் தோன்றியது. மூன்று விரல் என்று முடிவு செய்தேன். ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டார்.

சோதனையையும் முறையாகவே செய்தேன். சக்கரத்தின் மேல் வளையும் மட்கார்டின் உள்விளிம்பில் குழைத்த சுண்ணாம்பைப் பூசினோம். டயர் பட்டால் அது உதிர்ந்துவிடும். ஆறு மணல் மூட்டைகளை நடுவில் அடுக்கி மயிலாப்பூர் வரை போய்த் திரும்பினோம். சுண்ணாம்பு பூசியபடியே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த அந்தச் சிறுமியின் தாய், வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தையல் வேலை செய்பவர். எதையும் திருப்பி உள்தையலைப் பார்ப்பவர்.

“எப்டி டீச்சர் பாத்தீங்க, தாங்குமான்னு?”

மூட்டைகளைப் பற்றிச் சொன்னேன்.

“எங்க வெச்சீங்க?”

“நடுவில்.”

“நாங்க நடுவுலயா குந்துறோம்?”

கூண்டுக்குள் வலப்பக்கம் சக்கர நாற்காலிகளை மடக்கிக் கட்டுவதற்கும், பெஞ்சை இடப்பக்கம் மட்டும் போடுவதற்கும் திட்டம் வரைந்ததே நான்தான். ஐந்து தாய்மார்கள் மடியில் குழந்தைகளோடு தினமும் உட்காருவது அந்த ஒரே பெஞ்சில். வண்டி இடப்பக்கம் சாய்ந்து ஓடுவதை ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தும் மூட்டையை நடுவில் வைத்தேன்.

“புள்ளைங்கள இங்க உட்டுட்டு எங்கள ஏத்திப் பாருங்க” என்றார் அவர்.

“யம்மா, அடிகிடி பட்டா யாரு பதில் சொல்றது?” என்றார் ஓட்டுநர்.

“எம்பொண்ணுக்குப் படறதுக்கு எனக்குப் படட்டும்ணா. மூட்டைன்னு நெனச்சுக்கோ.”

“மூட்டை இவ்ளோ பேசாதும்மா.”

ஞாயிறு காலை ஐவரும் வந்தார்கள். குழந்தைகளின் எடைக்காக மடியில் அரிசிப் பை வைத்துக்கொண்டார்கள். நான் கூண்டுக்குள், இடப்பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பலகையில் காதை வைத்தாற்போல் குந்திக்கொண்டேன். தரமணி சாலை வரை எதுவும் இல்லை. ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும், தகரத்தைக் கிழிப்பது போல ஓர் ஓசை எழுந்தது. அடுத்த பள்ளத்தில் மறுபடி எழுந்தது. ரப்பர் கருகும் நெடி பலகையிடுக்கில் மேலே வந்தது. கூண்டில் அறைந்து வண்டியை நிறுத்தினேன்.

இடப்பக்கச் சுண்ணாம்பு முழுதும் போயிருந்தது. டயரின் வெளிவிளிம்பில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அந்தத் தாய் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரல்நுனி மறைந்தது. நானே சொன்னேன்: “தவறு என்னுடையது. நான்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.”

“இப்ப தெரிஞ்சிச்சு இல்ல, உடுங்க” என்றார் அவர்.

திங்களன்று வெட்டுப்பட்ட டயரையும் மாற்றி, ஒரு விரல் ரிம் மாட்டினோம். இம்முறை ஸ்பிரிங் பட்டையிலும் சுண்ணாம்பு பூசினோம். அதே ஐவர், அதே பெஞ்சு, அதே வேகத்தடை. பின்னால் எங்கும் உதிரவில்லை. ஆனால் முன் சக்கரத்தை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது மட்டும் உள்பக்கம் லேசாக உரசியது. சக்கரம் அவ்வளவு தூரம் திரும்பாமல் தடுக்கும் ஸ்டியரிங் போல்ட்டை இன்னும் நீட்டிவிடலாம் என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு அந்தத் தாயைப் பார்த்துத் தயங்கினார்.

“வண்டி வட்டம் போட எடம் ஜாஸ்தி வேணும்மா. உங்க சந்துல திரும்பாது. முனையிலதான் நிக்கும்.”

மற்ற நால்வரின் வீடுகள் அகலமான தெருக்களில் இருந்தன. அவர் வீடு மட்டுமே சந்துக்குள். முனையிலிருந்து நூறு அடி. மழையில் முழங்கால் தண்ணீர். பின்னோக்கி ஓட்டி வரலாமே என்றேன். திறந்த சாக்கடை ஓரமாகப் போகிறது, தண்ணீர் மூடினால் தெரியாது என்றார் ஓட்டுநர். வேறு டயர், வேறு ரிம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

“நீட்டு அண்ணா போல்ட்ட” என்றார் அவர். “சாக்கடை எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்.”

எதிர்பார்த்தபடி இரண்டு வாரத்துக்குள் மழை வந்தது. மூன்றாம் நாள் காலை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சந்துமுனை வரை போய் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இறங்கி எதிரே போக முயன்றபோது, “அங்கியே நில்லுங்க டீச்சர், ஓரமா கால வெக்காதீங்க” என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. மகளைத் தோளில் சாய்த்து, மறுகையால் வீட்டுச் சுவர்களைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வோர் அடியையும் நிறுத்தி வைத்து அவர் நடந்து வந்தார். சிறுமியின் பாதங்கள் தண்ணீருக்கு மேலே, ஒரு பாலித்தீன் பைக்குள் உலர்ந்திருந்தன.

கூண்டுக்குள் ஏறியதும் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. மகளை என்னிடம் நீட்டிவிட்டு, புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: “சுண்ணாம்பு கீதா, பாத்தீங்களா?”

தண்ணீரில் அது எப்போதோ கரைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். “அப்போ காதால கேட்டுக்கினு வாங்க” என்றார். அடையாறு வரும் வரை சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கு மேலே குந்தி, உரசும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்து வந்தேன்.