திரை வரைந்த தாள்

விளக்கு எண்ணெயும் வாடிய வில்வ இலையும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு வாசனை பழைய கருங்கல் தரைக்கு உண்டு. அதை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது, கூடவே பாவம் செய்கிறோம் என்ற நடுக்கமும் இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலியார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவிலிருந்த சிவன் கோயிலுக்குள், எதிர்வீட்டுச் செல்வி, "யாரும் பாக்க மாட்டாங்கடி, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ‘வேதக்காரப் பொண்ணு’ என்று தெருவில் சொல்லப்பட்ட கிறிஸ்தவப் பெண் நான் உள்ளே போனால் என்னதான் ஆகும் என்று பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

கோபுரம், கொடிமரம், பலிபீடம், பிறகு இருண்ட மண்டபம், அணையாத விளக்கு, கடைசியில் ஒரு சிவப்புத் திரை. அதற்கு அந்தப் பக்கம் குருக்கள் மட்டும்தான் போகலாம் என்றாள் செல்வி. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்ததில், எங்கள் குரலும் தானாகவே தணிந்துவிட்டது.

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை, பூசையில் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் சடங்கு. வெள்ளைச் சட்டை தைத்து, அதைத் தொடக்கூடாது என்று அம்மா அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். ஞானோபதேச வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரியை நாங்கள் பிரெஞ்சு வழக்கப்படி ‘மா சேர்’, என் சகோதரி, என்போம். ஒருநாள் அவர் எருசலேம் ஆலயத்தைப் பற்றிச் சொன்னார்: முற்றம், பலிபீடம், விளக்கெரியும் கூடம், திரை, திரைக்கு அப்பால் வருஷத்தில் ஒரே ஒருநாள் தலைமைக் குரு மட்டும் நுழைகிற இடம். சேசுநாதர் உயிர்விட்ட நேரத்தில் அந்தத் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று முடித்துவிட்டு, ஆலயத்தை வரைந்து வரச் சொன்னார்.

எருசலேமை நான் எங்கே கண்டேன்? ஆனால் அவர் சொன்ன அத்தனையும் அடுத்த தெருவில் பார்த்தாயிற்றே! தாளின் அடியில் கோபுரத்தில் தொடங்கி, உள்ளே போகப் போக மேலே ஏறி, உச்சியில் சிவப்புத் திரையில் முடித்தேன். போகிற போக்கில் ஒரு நந்தியையும் உட்காரவைத்துவிட்டேன். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"இத எங்க பாத்த? உள்ள போனியா?" மா சேரின் கேள்விக்குத் தலையாட்டினேன். "புதுநன்மை வாங்கப்போற பொண்ணு செய்யற வேலையா இது? இந்த ஞாயித்துக்கெழம நன்மை வாங்க நீ வர வேணாம். மொதல்ல அதக் கிழிச்சிப் போடு."

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டுச் சட்டை நினைவுக்கு வந்ததும் அழுகை முட்டியது. தாளை உச்சியிலிருந்து கிழிக்கத் தொடங்கினேன்; திரையின் அடி வரைக்கும் கிழிந்ததும் அதற்குமேல் கை வரவில்லை.

"மா சேர், தெர கிழிஞ்சிடுச்சி. இது போதுமா? மீதிக் கோயில் இருக்கட்டுமே."

அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழாகப் போன அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை என்னிடமே கொடுத்து, "சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடு. ஞாயித்துக்கெழம நேரத்தோட வா" என்றார். கோபம் போயிருந்தது, ஏன் போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என் கவலை வேறு பக்கம் திரும்பியது. செல்வியின் சாமிக்கு முன்னால் இருந்த திரையை அல்லவா கிழித்துவிட்டேன்! அன்று சாயங்காலமே அவளிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி கிழிச்ச? பூச நேரத்துக்கு நின்னிருந்தா அவங்களே தொறந்திருப்பாங்களே."

செல்வி கல்யாணமாகிப் போய் எத்தனையோ காலமாகிறது. எங்கள் இரண்டு வீடுகளும் இன்று இல்லை. எங்கள் வேதக்கோயிலில் பீடத்துக்கு முன்னால் இடுப்பளவுத் தடுப்பாகக் கிராதி ஒன்று இருந்தது. நன்மை வாங்க அதன் இந்தப் பக்கம்தான் முழங்காலிடுவோம். பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. பின்னாளில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்க நானே மேலே ஏறுகிறேன். கிராதி இருந்த இடத்தில் என் கால் மட்டும் இன்னும் ஒரு கணம் தயங்கி நிற்கிறது, யாராவது திறந்துவிடட்டும் என்பதுபோல.