குனிந்தால் மட்டும் எட்டும் பிரேக்

1998-ம் வருடம். செங்கல்பட்டில் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் சைக்கிளுக்கு ரேஸ் ஹேண்டில்பார் மாட்டியே தீருவது என்று ஒரு வெறி. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த அந்தக் கம்பியைப் பிடித்துக் குனிந்து மிதித்தால் மாமல்லபுரம் ஒரு மணி நேரம்தான் என்று நண்பனிடம் அளந்துவிட்டிருந்தேன்.

ஹேண்டில்பார் சுலபமாகக் கிடைத்தது. பிரேக் லீவரில்தான் தகராறு. சைக்கிள் கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று, குனிந்து வளைவைப் பிடித்தால்தான் விரலுக்கு எட்டும். இன்னொன்றில் கூடுதலாக ஒரு கிளை மேல்கம்பியை ஒட்டி நீண்டிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தும் பிரேக் பிடிக்கலாம். கூட வந்த அந்த நண்பன் இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு, கிளை வைத்ததை என்னிடம் நீட்டினான்.

"இத்த வாங்கு மச்சான். மேல புடிச்சிகினு வரசொல்லோ அது கைக்கு எட்டாது."

எனக்கோ அந்தக் கிளையைப் பார்க்கவே சகிக்கவில்லை. ரேஸ் ஓட்டுகிறவன் எவன்டா நிமிர்ந்து உட்காருவான் என்று அவனைக் கிண்டலடித்துவிட்டு, முதல் வகையையே வாங்கினேன். அந்த வயதுக்கே உரிய திமிர்.

அவனுக்கு இரண்டு வாரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு. பாஸானால் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மா தையல் மிஷினை மிதித்துத்தான் குடும்பம் நடந்தது. பேசும்போதுகூட அவன் விரல்கள் தொடையில் டைப் அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாமல்லபுரம் போனோம். அலையில் கால் நனைத்து, சுண்டல் தின்று, சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாள் அது. திரும்பும்போது, ஓட்டிப் பாருடா என்று என் சைக்கிளை அவனிடம் திணித்தது நான்தான். அவனுடையதில் நான் பின்னால் வந்தேன்.

ஊர் நெருங்கும்போது முதுகு வலித்ததோ என்னவோ, அவன் நிமிர்ந்து மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏரிக்கரை இறக்கத்தில் ஒரு மாட்டுவண்டி சட்டென்று குறுக்கே திரும்பியது. அவன் விரல்கள் பிரேக்கைத் தேடித் துழாவியதை நான் பார்த்தேன். மோதி விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். தேர்வு போயிற்று, வேலையும் வேறு ஆளுக்குப் போயிற்று. என் அப்பா விசாரித்தபோது, மாடு மிரண்டு குறுக்கே வந்துவிட்டது என்று மட்டும் அவன் சொன்னான். அப்பா சைக்கிளை உருட்டிப் பார்த்து, பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்றார். நான் வாயே திறக்கவில்லை.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு தோசையாவது சாப்பிடவைக்காமல் அனுப்பியதில்லை.

கட்டுப் பிரித்த அன்று, அவன் வெளியே போயிருந்த நேரத்தில், லீவர் வாங்கிய கதையை அவன் அம்மாவிடம் கொட்டி அழுதுவிட்டேன். அவர் தோசைக்கல்லிலிருந்து திரும்பக்கூட இல்லை.

"தெரியும் நைனா. வுயுந்த அன்னிக்கே சொல்ட்டான். உன்னிய ஒரு வார்த்த கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினான்."

ஆறு மாதம் கழித்து அவன் அதே தேர்வை எழுதி, பாஸாகி, வேறு வேலைக்குப் போனான். இன்றும் யார் மீதாவது கோபம் தலைக்கேறினால், எல்லாம் தெரிந்திருந்தும் ஒன்றரை மாதம் எனக்குத் தோசை சுட்டுப் போட்ட அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு யாரையும் கடிந்து பேச எனக்கு வாய் வருவதில்லை.