கடல் காற்றை நம்பிய கம்ப்யூட்டர்

இராஜாக்கமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட் செய்பவள் என் மனைவி ஜெயா. அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது நல்ல பிராசஸராகப் பார்த்து எடுத்தேன். மதர்போர்டை மட்டும் கலர் லைட் எரியும் அழகில் மயங்கி, மலிவாக வாங்கினேன். அதில் பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் சூடு தணிக்கும் தகடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

போதாக்குறைக்கு, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓடவிட ஓவர்கிளாக் செய்து, வோல்டேஜையும் கூட்டினேன். சூடு ஏறியது. உடனே கேபினட்டின் மூடியைக் கழற்றி, கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்தேன்.

"உப்புக் காத்துல்லா! நம்ம வாசல் கேட்டு துருப்பிடிச்சத பாக்கலியா?" என்றாள் ஜெயா.

"சும்மா வருத காத்து, உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஒருநாள் தீய்ந்த வாடையுடன் கம்ப்யூட்டர் அணைந்தது. அன்று மாலை ரிசப்ஷனில் போட வேண்டிய வீடியோ அதற்குள் இருந்தது.

"நீ ஓயாம ஓட்டித்தான் கெடுத்துப்போட்ட!" என்று கத்தினேன். கல்யாணப் பெண்ணின் அப்பா வீடியோ வாங்க வந்து வாசலில் நின்றார்.

"என் தப்புதான், மன்னிச்சிருங்க" என்று அவரிடம் கைகூப்பினாள் ஜெயா.

தக்கலைக் கடையில் திறந்து பார்த்தபோது, தகடில்லாத அந்தப் பகுதி கருகியிருந்தது. சுற்றிலும் பச்சையாக உப்புக் களிம்பு. வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது தகடுள்ள போர்டு, மூடிய கேபினட், கம்பெனி வைத்த வேகம். ஆனாலும் நான் கம்ப்யூட்டர் பக்கம் போனால், ஜெயா முதலில் வேலையைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.