கூமாவும் அவள் வேனும்

என் கணவரின் தங்கை ரூஜிட்சா பால் வேன் ஓட்டுகிறவள். காலையில் மொராவா ஆற்றங்கரை ஊர்களில் கேன்களை ஏற்றிப் பண்ணையில் சேர்ப்பாள். மற்ற நேரமெல்லாம் ஊருக்கே அவள்தான் டிரைவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "எனக்கென்ன குறைச்சல், ஒரு வீடு நெறைய சொந்தம் இருக்கு" என்பாள். அவள் சொன்னது எங்கள் வீட்டை இல்லை, எதிர்வீட்டில் இருக்கும் வுகாஷின் என்பவனுடைய வீட்டை.

அந்த வீட்டுக்கு அவள் கூமா. எங்கள் பக்கத்தில் அந்த உறவு ரத்தத்தைவிட ஒரு படி மேல். அந்த வீட்டுப் பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் ஏந்துவதும், கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொல்வதும் தலைமுறை தலைமுறையாக என் மாமனார் வீட்டார்தான். வுகாஷினை ஏந்தியவர் என் மாமனார். அவன் கல்யாணத்தில் நின்றவள் ரூஜிட்சா. அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூமா, கூமா, எந்நேரமும் கூமாதான். பிள்ளையை ஏந்துகிறவர் அதன் தாயைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அவர்கள் கூமாவை மாற்ற வேண்டுமென்றால் ரொட்டியும் ஒயினும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். அப்படி யாரும் இதுவரை வந்ததில்லை.

வுகாஷின், அவன் மனைவி ஸ்லாஜானா, கைக்குழந்தை லாசர் மூவரும் வியன்னாவுக்குக் குடிபோகிறார்கள் என்று முடிவானது. போகும் முன் கடைசி வாரத்தில் எல்லா விருந்தையும் முடித்துவிட வேண்டும், சனிக்கிழமை ஞானஸ்நானம், மறுநாள் பேருந்து. வியன்னாவில் வேலையும் வீடும் பிடித்துக்கொடுத்த, வுகாஷினின் பெரியப்பா மகன் சினிஷாவும் மனைவியோடு வந்து இறங்கியிருந்தான்.

அந்த வாரம் ரூஜிட்சாவின் வேன் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். ஸ்லாஜானாவின் பிறந்த வீட்டுக் குலப் புனிதர் விருந்துக்கு இரண்டு நடை. கல்லறைக்கு ஒரு நாள், மடாலயத்துக்கு ஒரு நாள். மலையோரத்து அத்தை முறைக்காரிக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்க ஆசையாம், அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். செம்மறிக் குட்டிகளை ஏற்றி வந்தவளும் அவள்தான். இடையில் பாலும் எடுக்க வேண்டுமே.

"ஒடம்பு என்னத்துக்கு ஆகும் ரூஜிட்சா? அவங்களுக்குக் கால் இல்லையா?" என்றேன்.

"அண்ணி, நான் புள்ளையத் தூக்கப்போறவ. என் வீட்டு விசேஷம் இது," என்றாள். பட்டணத்தில் வாங்கிய சின்னச் சிலுவையையும், ஓரத்தில் அவளே பூ வைத்துத் தைத்த வெள்ளைத் துணியையும் எனக்கு நான்காவது முறையாக எடுத்துக் காட்டினாள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைப் பொதிகிற துணி.

வியாழக்கிழமை ஆற்றங்கரையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சினிஷா இரண்டு கிளாஸ் பழச்சாராயம் போட்டிருந்தான். ஸ்லாஜானாவைப் பார்த்து, "கூமா, அந்த உப்ப இப்படித் தள்ளுங்க," என்றான்.

ஸ்லாஜானாவுக்குப் புரையேறிவிட்டது. வுகாஷின் விறகு பொறுக்க எழுந்து போய்விட்டான். அடுப்பில் ஏற்கெனவே வேண்டிய விறகு இருந்தது.

ரூஜிட்சா சிரித்தாள். "என்ன தம்பி, உங்க வீட்டு மருமகளே கூமாவாயிட்டாங்களா? வியன்னாவுல முறையே மாறிப்போச்சா?"

"இவருக்குக் குடிச்சா பொண்டாட்டி பேரே மறந்துபோகும்," என்று சினிஷாவின் மனைவி சமாளித்தாள். எல்லாரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இத்தனை பேர் கூடிக்கொண்டு இப்படிச் செய்வார்கள் என்று எந்த மனசு நினைக்கும்?

சனிக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு, கடைசியாக உள்ளே வந்தாள் ரூஜிட்சா. புது நீலச் சட்டை, தோளில் வெள்ளைத் துணி. பாதிரியார், "ஏந்துறவங்க முன்னாடி வாங்க," என்றார். இவள் நடந்தாள். வுகாஷினின் தாய் ராட்மிலா இவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரூஜிட்சா, கொஞ்சம் இரு," என்றாள்.

கூமா என்று சொல்லவில்லை. அந்தப்பக்கத்திலிருந்து சினிஷா போய் நின்றான். அவன் மனைவியின் கையில் கடையில் வாங்கிய துணி தயாராக இருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எங்கள் இருவரைத் தவிர. பாவிகள், வாரம் முழுக்க இவள் வண்டியில்தானே ஏறி இறங்கினார்கள்.

அவள் வெளியே போகவில்லை. பிள்ளை தண்ணீரில் வீறிட்டு அழுது, துடைத்து, பொதிந்து, எல்லாம் முடியும்வரை தோளில் துணியோடு நின்றாள். விருந்துக்கு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து வேனைக் கழுவினாள். கழுவிய வேனையே மறுபடி கழுவினாள். நான் பக்கத்தில் போனதும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி," என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வுகாஷின் எங்கள் வாசலில் நின்றான். கையில் ரொட்டி, ஒயின். கேட்காமல் மாற்றினால் கூமாவின் சாபம் பிள்ளையைப் பிடிக்கும் என்று ராட்மிலாவுக்கு விடிந்த பிறகு பயம் வந்துவிட்டதாம்.

"அனுமதி குடுங்க கூமா. சினிஷா இல்லாட்டி எங்களுக்கு வேல இல்ல. புள்ளையத் தானே தூக்கறேன்னு கேட்டாரு, முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

"எங்கிட்ட வந்து சொல்லவும் வாய் வரலயா?" என்றாள் ரூஜிட்சா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "திங்கக்கெழமையே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாரம் பூரா வண்டி வேணுமே, சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு அம்மா..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒயின் பாட்டிலாலேயே அவனை ஒரு போடு போட்டிருப்பேன். ரூஜிட்சா ரொட்டியைத் தொடவில்லை.

"இன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறா?" என்று கேட்டாள்.

அவன் ரொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அதற்கும் வேறு வண்டி பார்த்திருக்கவில்லை, வெட்கம் கெட்டவன்.

"பெட்டிய ஏத்து," என்றாள். "புள்ளைக்கு என் சாபம் இல்ல. அது என்ன பண்ணுச்சு?"

வழிக்குத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் பெட்டிகளை அவளே இறக்கிக்கொடுத்தாள். லாசரின் குல்லாவைச் சரிசெய்தாள், முத்தம் கொடுக்கவில்லை. வுகாஷின் கண் கலங்கி நின்றான்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன் கூமா."

"பண்ணு. ஆனா கூமான்னு கூப்பிடாத, உன் கூமா எடத்துல இப்ப அந்த வியன்னாக்காரரு நிக்கிறாரு. எனக்குப் பேரு இருக்கு, அதச் சொல்லிக் கூப்பிடு."

அவன் வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொல்லாத பெயர், எப்படி வரும்? வேனை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பும்வரை அவன் அதைச் சொல்லவில்லை.