கேம்பல் பே வரை போன என் பாட்டு ஃபோல்டர்

போன மாசம் வீட்டுக்காரர் ஹார்ட் டிஸ்க்கைப் புது டிவியில் செருகி, அது 'ஃபார்மேட் பண்ணவா?' என்று கேட்டதைப் படிக்காமலே ஓகே அழுத்தினார். நான் சேர்த்த பாட்டெல்லாம் போச்சு. இங்கே தீவில், நெட்டில் ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும்.

இன்று ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற தம்பியின் மொபைலில் நான் பெயர் வைத்த ஃபோல்டர்: 'சமையல் நேரம்'!

"இது ஏது தம்பி?"

"கேம்பல் பேல எல்லார்கிட்டயும் இருக்குக்கா."

தென்கோடித் தீவு வரை போயிருக்கிறது! கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தவள் நான்தானே. கப்பல் கிளம்புவதற்குள் மொத்தத்தையும் என் மொபைலில் ஏற்றிக்கொண்டேன்.

"கடைசியில ஒருத்தர் பாத்ரூம்ல பாடுறாரே, யாருக்கா அது? எங்க ஊர்ல செம ஃபேமஸ்."

அவருக்குத் தெரியாமல் நான் ரெக்கார்டு செய்தது.

வீட்டுக்காரர் ஃபேஸ்புக்கில் இல்லை. யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.